குடிகள் இல்லாத நாடு

ஸெக்கிஸ்தான் என்றொரு நாடு உண்டு. எந்தத் தேசப்படத்திலும் அதைக் காண இயலாது. ஐக்கிய நாடுகள் சபையில் அதற்கு ஆசனம் இல்லை. அந்நாட்டில் பிறந்தவர் ஒருவரும் இலர். ஆனால் இறந்தவர்களோ எண்ணிக்கையில் அடங்கார். 2004ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அது படைக்கப்பட்டது. படைக்கப்பட்ட நாளிலேயே படையெடுக்கவும் பட்டது. இரண்டாண்டு கழித்து, போதிய அளவு கொல்லவில்லை என்று கருதினார்களோ என்னவோ, 2006 மார்ச்சில் மீண்டும் ஒரு முறை படை அனுப்பினார்கள்.

‘ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியர்’ என்னும் வீடியோ விளையாட்டையும், ‘டென் ஹாமர்ஸ்’, அதாவது பத்துச் சம்மட்டிகள், என்னும் அதன் இரண்டாம் பாகத்தையுமே குறிப்பிடுகிறோம். இரண்டையும் உருவாக்கியது பாண்டமிக் ஸ்டூடியோஸ், விற்றது டி.எச்.க்யூ. என்னும் நிறுவனம். இருபது ஆண்டுகளுக்கு முந்தைய விளையாட்டைப் பற்றி இன்று எழுதுவானேன் என்று வாசகர்கள் கேட்கலாம். அன்று அதில் வகுக்கப்பட்ட இலக்கணந்தான் இன்றுவரை எழுதப்படும் காவியங்களுக்கெல்லாம் இலக்கணமாக இருக்கிறது என்பதே நம் விடை. மூலத்தைப் படித்தவனுக்கு உரை எளிது.

முதலில் கதையைக் கேளுங்கள். ஐரோப்பாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அமெரிக்க, பிரிட்டானிய நலன்களைக் குறிவைத்துக் குண்டுகள் வெடிக்கின்றன. குற்றத்தின் சுவடு ஸெக்கிஸ்தானில் போய் முடிகிறது. அங்கே முகம்மது ஜப்பூர் அல்-அஃபாத் என்றொரு சர்வாதிகாரி. அவன் தாலிபான்களையும், இராக்கின் பழைய ஆட்சிக்கு விசுவாசமானவர்களையும் ஆயிரக்கணக்கில் அழைத்து அடைக்கலம் தந்திருக்கிறான். எச்சரிக்கைகள் பயன் தரவில்லை, ஐ.நா.வில் பேச்சு தோற்கிறது; நேட்டோ படை புறப்படுகிறது. ஆப்கானிஸ்தானத்துப் போரையும் இராக்குப் போரையும் ஓர் உரலில் இட்டு இடித்து, பெயரின் வாலில் ‘ஸ்தான்’ என்று ஒட்டி, ஒரு நாட்டைச் செய்துவிட்டார்கள்! தாலிபானுக்கும் பாத் கட்சிக்கும் என்ன உறவு, பஷ்தூன் மலைவாசிக்கும் பக்தாது நகரவாசிக்கும் எவ்வகையில் பொருத்தம் என்ற கேள்விகள் அந்த ஆசிரியர்களின் உள்ளத்தில் எழவே இல்லை. அவர்கள் கண்ணுக்கு அனைத்தும் ஒரே நிலம். அந்நிலத்தில் வாழ்பவர் அனைவரும் ஒரே ஆள்.

இது யாரோ ஒரு வணிகர் இலாபத்துக்காகச் செய்த பொம்மை அன்று என்பதையும் நினைவில் இருத்த வேண்டும். தென் கலிபோர்னியாப் பல்கலைக் கழகத்தில் ‘படைப்பாக்கத் தொழில்நுட்பங்களுக்கான கழகம்’ என்ற அமைப்பை அமெரிக்கத் தரைப்படை 1999இல் நிறுவியது. ஐந்தாண்டுக்கு 4 கோடியே 50 இலட்சம் டாலர் ஒப்பந்தம். ஹாலிவுட்டின் கதை சொல்லும் கலையையும் விளையாட்டுத் தொழிலின் நுட்பத்தையும் படைப் பயிற்சிக்குக் கொணர்வதே அதன் பணி. அந்தக் கழகத்தின் வழியே, காலாட்படையின் சிறு குழுத் தலைவர்களுக்குப் பயிற்சி தரும் கருவியாக உருவானதுதான் இவ்விளையாட்டு. கடையில் விற்ற வட்டிலேயே தரைப்படைக்கான பதிப்பும் ஒளிந்திருந்தது. ஒரு மறைச்சொல்லைத் தட்டினால் திறந்துகொள்ளும். சிறுவனின் விளையாட்டும் சிப்பாயின் பாடமும் ஒரே உறையில் வந்தன. பாடநூலை விற்றுப் பணம் பண்ணிய முதல் படை இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

“விளையாட்டுத்தானே, ஐயா! இதற்கு ஏன் இத்தனை பதற்றம்? சதுரங்கமும் போர் விளையாட்டுத்தானே?” என்று வினவுவோர் உளர். நல்ல வினா. இதற்கு விடை சொல்லாமல் மேற்செல்வது நேர்மையாகாது.

சதுரங்கம் இந்திய மண்ணில் பிறந்து, பாரசீகம் சென்று, அரபுகளிடம் ஷத்ரஞ்ச் எனப் பெயர் பெற்றது. அப்பாசியர் காலத்தில் அல்-அத்லீயும் அஸ்-ஸூலீயும் அதற்கென்றே நூல்கள் யாத்தனர். (அது ஆகுமா, ஆகாதா என்று மார்க்க அறிஞர்கள் வாதிட்டதும் உண்டு, அந்த வழக்கு இங்கு வேண்டாம்.) சதுரங்கத்தின் அறம் எதில் இருக்கிறது? இரு தரப்புக்கும் பதினாறு காய்கள். இரு அரசர்க்கும் ஒரே அடி. கறுப்பு ஆடியவன் அடுத்த ஆட்டத்தில் வெள்ளை ஆடுவான். எதிரில் இருப்பவன் உன்னைப் போலவே சிந்திக்கிறான் என்று ஒப்புக்கொள்ளாதவன் சதுரங்கத்தில் பத்து நகர்த்தலைத் தாண்ட மாட்டான்.

பிரஷ்யப் படையதிகாரி ரைஸ்விட்ஸ் 1824இல் தம் நாட்டுத் தளபதிகளுக்குக் காட்டிய போர் விளையாட்டிலும் இந்த அறம் இருந்தது. தேசப்படத்தின் இரு புறமும் அதிகாரிகள் அமர்வர். நடுவர் ஒருவர் நடுவே நிற்பார். பகைவனாக ஆடுபவனும் கல்வி கற்ற அதிகாரியே. தோற்றால் தோல்விதான். போர்க்கலை என்று அதைச் சொல்லலாம். நாம் அதை விரும்புகிறோமா என்பது வேறு.

ஸெக்கிஸ்தானில் எதிரில் எவரும் அமர்ந்திருக்கவில்லை. தனியாக ஆடுபவனுக்கு எதிரே முக்காடிட்ட உருவங்கள் சுவரோரம் தலை நீட்டுகின்றன, சுடுகின்றன, வீழ்கின்றன. அவர்களுக்குத் திட்டமில்லை, தலைவனில்லை, அச்சமில்லை, காயமுற்றால் தூக்கிச் செல்லத் தோழனில்லை. அமெரிக்க வீரனுக்கோ இவை யாவும் உண்டு. அங்கேதான் இவ்விளையாட்டின் உயிர்நாடி இருக்கிறது. ஆடுபவன் துப்பாக்கி ஏந்துவதில்லை. நால்வர் நால்வராக இரண்டு குழுக்களுக்கு அவன் கட்டளை இடுகிறான். ஒரு குழு சுட்டுப் பகைவனைத் தலை குனிய வைக்க, மற்றது பக்கவாட்டில் சென்று தாக்க வேண்டும். வீரர்களுக்குப் பெயருண்டு, குரலுண்டு, வீட்டைப் பற்றிய பேச்சுண்டு. ஒருவன் அடிபட்டால் அவனைத் தோளில் சுமந்து மருத்துவ இடத்துக்குக் கொண்டு சேர்க்க வேண்டும். அவன் இறந்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. மீண்டும் தொடங்க வேண்டும்.

இந்த விதியைப் பாராட்டி எழுதியவர்கள் பலர். கண்மூடித்தனமாகச் சுடும் விளையாட்டுகளின் நடுவே உயிரின் அருமையைக் கற்பிக்கும் விளையாட்டு என்றார்கள். நாமும் ஒப்புக்கொள்கிறோம். உயிரின் அருமையைக் கற்பிக்கத்தான் செய்கிறது. எந்த உயிர் என்பதையும் சேர்த்தே கற்பிக்கிறது! எட்டு உயிர்களுள் ஒன்று போனால் உலகமே நின்றுவிடும். எதிரில் எண்பது போனால் தெரு துப்புரவாயிற்று என்று பொருள். இது வெறும் வெறியாட்டமாக இருந்திருந்தால் நாம் இத்தனை பக்கம் எழுதியிருக்க மாட்டோம். இரக்கத்தை ஊட்டி, அந்த இரக்கத்துக்கு வேலியும் கட்டிக் கொடுக்கிறதே, அதுதான் நம் நெஞ்சை உறுத்துகிறது.

சிந்திக்கும் பகைவனை விளையாட்டு நிறுவனம் மட்டுமா அஞ்சியது? 2002ஆம் ஆண்டுக் கோடையில், இராக்கின் மீது படை செல்வதற்குச் சில மாதங்கள் முன்பு, 25 கோடி டாலர் செலவில் அமெரிக்கா ஒரு மாபெரும் போர் ஒத்திகை நடத்தியது. பகைவனாக ஆடப் பணிக்கப்பட்டவர் பால் வான் ரைப்பர் என்னும் ஓய்வு பெற்ற மரைன் படைத் தளபதி. ஒட்டுக்கேட்கும் கருவிகளுக்குப் பிடிகொடாமல் மோட்டார் சைக்கிளில் தூது அனுப்பினார். சிறு படகுகளையும் ஏவுகணைகளையும் ஒருசேர ஏவிப் பதினாறு கப்பல்களைத் தாளில் மூழ்கடித்தார். என்ன நடந்தது தெரியுமா? ஒத்திகை நிறுத்தப்பட்டது, மூழ்கிய கப்பல்கள் மிதக்க வைக்கப்பட்டன, பகைவன் இன்னின்னது செய்யக் கூடாது என விதி வகுத்துத் தொடர்ந்தார்கள். அவர் வெறுத்து விலகினார். உண்மையான இராக்கில் கப்பலை மிதக்க வைக்கும் விதி எழுதுவார் இல்லாமற் போனதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின.

இனி இரண்டாம் பாகத்துக்கு வருவோம். ‘டென் ஹாமர்ஸ்’ என்ன புதுமை கொணர்ந்தது? குழுவை இருவர் இருவராகப் பிரித்து அனுப்பலாம். கட்டளை இடுவதோடு நில்லாமல், ஒரு வீரனின் கண் வழியே நாமே குறிபார்த்துச் சுடலாம். தளபதியாக மட்டும் இருந்தவனுக்கு விசையைத் தொடும் இன்பமும் வேண்டும் என்று சந்தை கேட்டிருக்கிறது போலும். மேலும் ஒன்று: முதற் பாகத்தில் பெரும்பாலும் தெருவோடு நின்ற வீரர்கள், இரண்டாம் பாகத்தில் வீடுகளுக்குள் நுழைந்தார்கள், மாடியேறிச் சாளரத்தில் நின்று சுட்டார்கள்.

வீடு என்றோம். எவருடைய வீடு? அவ்வீட்டில் அடுப்பு யார் மூட்டினார்? தொழுகைப் பாயை யார் மடித்து வைத்தார்? அந்த நகரத்துத் தெருக்கள் பெரும்பாலும் ஆளற்றவை. கடைகள் உண்டு, கடைக்காரர் இலர். வீடுகள் உண்டு, குடும்பங்கள் இல. போர் நடப்பதற்கென்றே யாரோ காலி செய்து கொடுத்த ஊர் அது.

இரண்டாம் பாகம் கடைக்கு வந்தது 2006 மார்ச் என்று மேலே குறித்தோம். அதே மார்ச்சில்தான் ‘டைம்’ வார இதழ் ஹதீதா என்னும் இராக்கிய ஊரின் செய்தியை வெளியிட்டது. 2005 நவம்பர் 19ஆம் நாள் சாலையோரக் குண்டு ஒன்றில் ஒரு மரைன் வீரர் இறந்தார். அதன்பின் அவருடைய குழுவினர் அங்கிருந்த காரில் வந்தவர்களைச் சுட்டனர். பிறகு வீடு வீடாக நுழைந்தனர். நிராயுதபாணிகளான 24 பேர் மாண்டனர். பெண்களும் குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். சாலையோரக் குண்டில் பொதுமக்கள் 15 பேர் இறந்தனர் என்று முதலில் படை அறிவித்த பொய், நான்கு மாதம் கழித்து அவ்விதழால்தான் வெளிப்பட்டது. எட்டுப் பேர் மீது வழக்கு நடந்தது. அறுவர் மீதான குற்றச்சாட்டுகள் கைவிடப்பட்டன, ஒருவர் விடுதலையானார், குழுத் தலைவர் 2012இல் கடமை தவறியதாக மட்டும் ஒப்புக்கொண்டு பதவி இறக்கம் பெற்றார். சிறை சென்றவர் ஒருவருமிலர்.

விளையாட்டைப் பார்த்துத்தான் அவர்கள் கொன்றார்கள் என்று நாம் கூறவில்லை; அப்படிக் கூறுவது அறிவீனம். விளையாட்டு வெளிவருமுன்பே ஹதீதா நடந்து முடிந்துவிட்டது. நாம் சொல்வது இதுதான்: அந்த மார்ச் மாதத்தில் ஓர் அமெரிக்க இளைஞன் ‘டைம்’ இதழைப் புரட்டியிருந்தால் வீட்டுக்குள் மனிதர்களைக் கண்டிருப்பான், விளையாட்டைத் திறந்திருந்தால் கண்டிருக்க மாட்டான். எதில் அவன் அதிக மணி நேரம் செலவிட்டிருப்பான் என்று சொல்லவும் வேண்டுமோ?

இக்கதையில் இன்னொரு திருப்பம் உண்டு. போரிலிருந்து மீண்ட வீரர்கள் பலர் மனம் சிதைந்து வந்தனர். உறக்கமில்லை, ஒரு கதவு அறைந்தால் உடல் நடுங்குகிறது. அவர்களுக்கு மருத்துவம் செய்ய முன்வந்ததும் அதே கலிபோர்னியாக் கழகந்தான்! உளவியலாளர் ஆல்பர்ட் ரிஸ்ஸோவின் குழு அங்கே ‘வர்ச்சுவல் இராக்’ என்னும் கருவியை அமைத்தது. ஃபுல் ஸ்பெக்ட்ரம் வாரியருக்காக வரைந்த தெருக்களையும் கட்டடங்களையுமே எடுத்து அதைத் தொடங்கினார்கள். நோயாளியின் கண்களில் கவசம் மாட்டி, அஞ்சிய தெருவில் மீண்டும் மீண்டும் நடக்கச் செய்து அச்சத்தைத் தணிப்பது அதன் முறை. காட்சி மட்டும் போதாதென்று வாசனைகளையும் சேர்த்தனர்: டீசல் புகை, வெடிமருந்து, எரியும் ரப்பர், இவற்றோடு இராக்கியச் சமையலின் மசாலா மணம். விளையாட்டில் எங்கும் காணாத அடுப்பு கடைசியில் மருத்துவமனையில் மணத்தது. அங்கே மனிதர் வாழ்ந்தனர் என்பதற்கு அந்த நோயாளியின் மூக்கு சாட்சியாயிற்று.

ஜெர்மானியப் படைப்பாளி ஹாருன் ஃபரோக்கி இதைக் குறித்து ‘சீரியஸ் கேம்ஸ்’ என்னும் தலைப்பில் 2009, 2010 ஆண்டுகளில் நான்கு சிறு படங்கள் எடுத்தார். அவர் ஒரு நுட்பத்தைக் கண்டு சொன்னார். போருக்கு ஆயத்தம் செய்யும் கணினிக் காட்சிகளில் வெயிலும் உண்டு, நிழலும் உண்டு. போரால் நொந்தவனுக்கு மருந்தாகும் காட்சிகளில் நிழல் விழுவதில்லை. அது மலிவான பதிப்பு. சிப்பாயை அனுப்புவதற்கு ஒரு விலை, திரும்பி வந்தவனைத் தேற்றுவதற்கு ஒரு விலை! ஸெக்கிஸ்தானத்தில் வாழ்ந்திருக்க வேண்டியவர்களுக்கு எந்த விலையும் இல்லை என்பதையும் நாம் சேர்த்துக்கொள்வோம். ஹதீதாவில் தாயை இழந்த குழந்தைக்கு எந்தக் கழகம் எந்தக் கவசத்தை மாட்டிற்று?

இதுகாறும் பிறரைப் பற்றிக் கூறினோம். இனி நம்மவரைப் பற்றிச் சில சொற்கள். கசப்பாக இருப்பின் பொறுத்தருள்க.

2012 அக்டோபரில் முஸ்லிம் இளைஞர்கள் கொதித்தெழுந்தனர். ‘கால் ஆஃப் டூட்டி: மாடர்ன் வார்ஃபேர் 2’ விளையாட்டின் ஒரு களத்தில், குளியலறைச் சுவரில் தொங்கிய படத்தின் சட்டத்தில் இறைவனின் அழகைப் பற்றிய நபிமொழி அரபி எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தது. ஆட்சேபம் எழுந்தது, நிறுவனம் அக்களத்தையே திரும்பப் பெற்றது. 2021இல் அதே வரிசையின் மற்றொரு விளையாட்டில் திருமறையின் தாள்கள் தரையில் கிடக்கக் காட்டப்பட்டன, மீண்டும் ஆட்சேபம், நிறுவனம் மன்னிப்புக் கேட்டு நீக்கியது. ஆட்சேபித்தது சரியே. புனித எழுத்தின் கண்ணியத்தைக் காப்பது நம் கடமை. ஆனால் அதே மாடர்ன் வார்ஃபேர் 2இல் கராச்சி நகரம் ஒரு களமாக இருந்ததே! உருது பேசும் அந்நகரத்தின் கடைப் பலகைகள் அரபி மொழியில் எழுதப்பட்டிருந்தனவே! ஒரு பெருநகரத்தின் மொழியையே பறித்ததற்காக எத்தனை பேர் கொதித்தெழுந்தனர்?

அதனினும் பெரிதொன்று கேளுங்கள். 1991 பிப்ரவரி இறுதியில் குவைத்திலிருந்து பின்வாங்கிக் கொண்டிருந்த இராக்கிய வாகன வரிசையை அமெரிக்கா தலைமையிலான விமானங்கள் நெடுஞ்சாலையில் எரித்தன. ‘மரண நெடுஞ்சாலை’ என்று உலகம் அதை அழைத்தது. 2019இல் வெளிவந்த ‘மாடர்ன் வார்ஃபேர்’ அப்பெயரையே எடுத்து, உர்ஸிக்ஸ்தான் என்னும் கற்பனை நாட்டில் ஒரு சாலைக்குச் சூட்டி, அங்கே குண்டு பொழிந்தவர்கள் ரஷ்யர்கள் என்று கதை சொன்னது. பாருங்கள், ஸெக்கிஸ்தானுக்கு ஒரு தங்கை பிறந்துவிட்டாள்! கற்பனை நாடு எதற்குப் பயன்படும் என்பது இப்போது விளங்குகிறதன்றோ? உண்மை நாட்டில் செய்ததை அங்கே கொண்டுபோய் இன்னொருவன் தலையில் இறக்கி வைக்கலாம். இதை எதிர்த்து ரஷ்யர்கள் குரல் கொடுத்தனர். எரிந்தவர்களின் இனத்தார் பெரும்பாலும் வாய் திறக்கவில்லை.

எழுத்துக்கு இழுக்கு நேர்ந்தால் எழுகிறோம். மனிதனுக்கு நேர்ந்தால் அமர்ந்து ஆடுகிறோம். இதுதான் நம்முடைய நிலை. தடை விதிப்பதிலும் நமக்குக் குறைவில்லை. 2013இல் பாகிஸ்தானத்து வணிகர் சங்கம் ஒன்று, தம் நாட்டை இழிவு செய்கின்றன என்று இரண்டு விளையாட்டுகளை விற்கலாகாது எனத் தன் உறுப்பினரைக் கேட்டுக்கொண்டது. கள்ளப் பிரதிகள் பெருகிய சந்தையில் அந்த வேண்டுகோளால் எவனுடைய விளையாட்டு நின்றிருக்கும்?

இன்னும் சிலர் பதிலடி என்று புறப்பட்டனர். லெபனானின் ஹிஸ்புல்லா 2003இல் ‘ஸ்பெஷல் ஃபோர்ஸ்’ என்ற விளையாட்டை வெளியிட்டது. 2007இல் அதற்கும் ஓர் இரண்டாம் பாகம். அமெரிக்கச் சீருடைக்குப் பதில் வேறு சீருடை. முக்காட்டுக்குப் பதில் இஸ்ரேலியத் தலைக்கவசம். மற்றபடி அதே இலக்கணம். கண்ணாடியில் முகத்தைத் திருப்பிக் காட்டினால் அது வேறு முகம் ஆகிவிடுமா? ஒருவன் நம்மை முகமற்றவராக வரைந்தான் என்பதற்காக நாம் அவனை முகமற்றவனாக வரைவது பதிலடி அன்று. அவனிடம் கற்ற பாடத்தை ஒப்பிப்பது.

வேறு வழி இல்லையா? இருந்தது, இருக்கிறது. டமாஸ்கசின் தாருல் ஃபிக்ர் என்னும் நூற்பதிப்பகம் 2001இல் ‘சாம்பலின் கீழ்’ என்று பொருள்படும் விளையாட்டை வெளியிட்டது; உருவாக்கிய குழுவுக்குத் தலைவர் ரத்வான் காஸ்மியா. பாலஸ்தீன இளைஞன் ஒருவனின் கதை அது. அதிலும் துப்பாக்கி உண்டு, அதிலும் ஒரு தரப்பே உண்டு. குறை இல்லாத படைப்பு என்று சொல்ல மாட்டோம். ஆயினும் பொதுமக்களுள் ஒருவரை ஆடுபவன் கொன்றுவிட்டால் ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஸெக்கிஸ்தானின் விதியோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கே தன் தோழன் இறந்தால் தோல்வி. இங்கே சம்பந்தமில்லாத ஒருவர் இறந்தால் தோல்வி. காஸ்மியாவே 2005இல் ‘குறைஷ்’ என்னும் போர் வியூக விளையாட்டைப் படைத்தார். இஸ்லாத்தின் தொடக்க காலத்தைக் களமாகக் கொண்ட அதில், முஸ்லிம் அரபுகளாக மட்டுமன்றி, இஸ்லாத்தை ஏற்காத பாலைவாசிகளாகவும், பாரசீகராகவும், உரோமராகவும் ஆடலாம். தன் வரலாற்றைப் பிறன் இருக்கையில் அமர்ந்தும் பார்க்கத் துணிந்தவர் அவர்.

போலந்து நாட்டார் 2014இல் ‘திஸ் வார் ஆஃப் மைன்’ என்ற விளையாட்டைச் செய்தனர். 1992 முதல் 1996 வரை முற்றுகையில் வாடிய சரயேவோ நகரத்தின் துயரமே அதற்குத் தூண்டுகோல். அதில் ஆடுபவன் சிப்பாய் அல்லன். இடிந்த வீட்டில் பதுங்கியிருக்கும் குடிகளுள் ஒருவன். பகலில் வீட்டுக்குள்ளேயே இருந்து அடுப்பைக் கவனிக்க வேண்டும். இரவில் மருந்துக்காக அடுத்த வீட்டில் திருடலாமா என்று முடிவு செய்ய வேண்டும். திருடினால் மறுநாள் அவன் மனமே அவனை வாட்டும். 2020இல் போலந்து அரசு அதைப் பள்ளி மாணவர்க்கான வாசிப்புப் பட்டியலில் சேர்ப்பதாக அறிவித்தது. போஸ்னிய முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் மடிந்த ஒரு முற்றுகையின் நினைவை உலகத்துச் சிறுவர் கையில் கொண்டு சேர்த்தவர்கள் வார்சா நகரத்து இளைஞர்கள்! அந்நேரத்தில் நாம் குளியலறைச் சுவரைப் பார்த்துக் கொண்டிருந்தோம்.

பாண்டமிக் ஸ்டூடியோஸ் 2009இல் மூடப்பட்டது. டி.எச்.க்யூ. 2012 டிசம்பரில் திவாலானது. ஆனால் பல்லூஜா நகரப் போரை விளையாட்டாக்கும் முயற்சி, 2009இல் எதிர்ப்பால் கைவிடப்பட்டும், 2021இல் உயிர்பெற்று 2023இல் சந்தைக்கு வந்தே விட்டது. இம்முறை கற்பனைப் பெயரின் மறைப்பும் இல்லை. நம் இலக்கிய இதழ்கள் நாவலுக்கு மதிப்புரை எழுதுகின்றன, திரைப்படத்தை அலசுகின்றன, கவியரங்கத்தில் வழுக்கிய ஒரு சீருக்காகப் பக்கம் பக்கமாக வாதிடுகின்றன. நம் வீட்டுப் பிள்ளை ஒரு நாவலுக்குத் தரும் நேரத்தைப் போலப் பன்மடங்கு நேரத்தை இத்தகைய விளையாட்டு ஒன்றுக்குத் தருகிறான். அதன் கதையை எழுதியவன் யார், பணம் போட்டவன் யார், அந்த ஊரில் குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று கேட்டு ஒரு பக்கமேனும் எழுத நம்மிடையே ஆள் இல்லை. பல்லூஜாவிலிருந்து அதைத் தொடங்கலாம். எழுத முன்வருவோர் இவ்விதழின் முகவரிக்கு அனுப்புக.